வெண்பனியும் மனிதனும்: அல்ப்சு மலைகளிற் பனிச்சரிவுக் காப்பு வளர்ந்த வரலாறு

தமிழிற் ‘பனி’ என்னும் சொல் பல பொருள் தரும் ஒன்றாகும். முன்பனி, பின்பனி எனப் பருவங்களை வகுத்த நம் முன்னோர் அச்சொல்லாற் பெரிதும் கருதியவை புல்நுனியிற் படியும் நீர்த்துளி, காலையில் வெளியை மறைக்கும் மூடுபனி, உடலை நடுக்கும் குளிர் ஆகியனவே. வானத்தினின்றும் பஞ்சுபோற் பொழிந்து, மலைச்சாய்வில் மாதக்கணக்கிற் கிடந்து, ஒருநாள் திடீரெனப் பெயர்ந்து ஓர் ஊரையே மூடிவிடும் பொருளொன்று நம் நிலத்தின் அனுபவத்துக்கு அப்பாற்பட்டது. எனவே இக்கட்டுரையில் அப்பொருளை ‘வெண்பனி’ எனவும், அது பெயர்ந்து பாய்தலைப் ‘பனிச்சரிவு’ எனவும் வழங்குவோம்.

ஐரோப்பாவின் அல்ப்சு மலைவாழ் மக்கள் பனிச்சரிவினின்றும் தம்மைக் காத்துக்கொள்ளக் கையாண்ட வழிகள் நூற்றாண்டுகளினூடாக எவ்வாறு மாறிவந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வரலாற்றில் ஒரு பெருந் திருப்பம் உண்டு. பழங்காலத்திற் பனிச்சரிவு மனிதனைத் தேடி வந்தது. ஏறத்தாழ 1890களின் பின்னர் மனிதன், இன்பம் நாடி, பனிச்சரிவு நிகழும் இடத்தைத் தேடிச் செல்லத் தொடங்கினான். முன்னதற்கு ஊரே பொறுப்பேற்றது. பின்னதற்குப் பொறுப்பேற்பவர் யார்? இவ்வினாவை மனத்திற்கொண்டே கருவிகளின் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும்.

காடும் கல்லும்

அல்ப்சு மலைவாழ் மக்கள் பனிச்சரிவைப் பற்றி நூல் எழுதுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அதனைப் பற்றிச் சட்டம் இயற்றிவிட்டனர். சுவிற்சர்லாந்தின் அண்டர்மாற் என்னும் ஊரின் மேலே செங்குத்தான சாய்வொன்றில் ஒரு காடு நிற்கின்றது. அக்காட்டில் எவரும் மரம் வெட்டலாகாது என 1397ஆம் ஆண்டிலேயே ஊரார் எழுத்துமூலம் விதித்துக்கொண்டனர். விறகே உயிர்நாடியாக இருந்த குளிர்நாட்டில் வீட்டுக்கு அண்மையிலுள்ள காட்டைத் தொடாது விடுவதென்பது சிறு தியாகமன்று. நெருங்கி நிற்கும் அடிமரங்கள் வெண்பனியைச் சாய்விலேயே பிடித்து வைத்திருக்கும் என்பதும், காடு அழியின் ஊரும் அழியும் என்பதும் அவர்தம் பட்டறிவு. 1876ஆம் ஆண்டில் மலைக்காடுகளைப் பாதுகாக்கச் சுவிற்சர்லாந்து அரசு நாடு தழுவிய சட்டம் இயற்றியபோது, அது ஊர்கள் தாமாகவே கண்டறிந்திருந்த உண்மையொன்றுக்கு அரசின் முத்திரையை இட்டது எனலாம்.

காடு இல்லாத இடங்களிற் கல் காவலாயிற்று. டாவோஸ் பள்ளத்தாக்கிலுள்ள பிரவுன்கிர்ஃ என்னும் இடத்துத் தேவாலயத்தின் மலைநோக்கிய பின்சுவர் கப்பலின் முகப்பைப் போன்று ஆப்புவடிவிற் கட்டப்பட்டுள்ளது. பாய்ந்துவரும் பனிச்சரிவு அம்முனையில் மோதி இருகூறாகப் பிரிந்து செல்லும். வீடுகளும் இவ்வாறே கட்டப்பட்டன. இயற்கையை எதிர்த்து நிற்பதினும் அதற்கு வழிவிட்டு நிற்பதே நன்றெனக் கருதிய ஒரு கட்டடக் கலையை இங்குக் காண்கின்றோம்.

வழிப்போக்கரின் நிலை வேறு. இத்தாலிக்கும் சுவிற்சர்லாந்துக்கும் இடையே 2,469 மீற்றர் உயரத்திலுள்ள பெரிய புனித பேர்னாட் கணவாயில் 11ஆம் நூற்றாண்டிலிருந்து துறவியர் ஒரு விடுதி நடத்தி வந்தனர். பனியில் வழிதவறியோரைத் தேட அவர்கள் வளர்த்த நாய்களுள் ‘பரி’ என்பது புகழ்பெற்றது. 1800 முதல் 1814 வரை வாழ்ந்த அந்நாய் நாற்பதுக்கு மேற்பட்டோரைக் காத்ததென்பது வழக்கு. அதன் பதப்படுத்திய உடல் பேர்ண் நகர இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் உள்ளது. அந்நாய்களின் கழுத்திற் சாராயக் குப்பி தொங்கியதென்பதோ ஓவியர் வளர்த்த கதை. எனினும், புதையுண்ட மனிதனைக் கண்டுபிடிப்பதே மீட்பின் முதற் சிக்கல் என்பதை அவ்விடுதியினர் நன்குணர்ந்திருந்தனர். 20ஆம் நூற்றாண்டின் மின்னணுக் கருவிகள் தீர்க்க முயன்றதும் அதே சிக்கலையே.

பனிச்சரிவை முறையாகத் தொகுத்து ஆராய்ந்த முன்னோடி யொஹான் கோவாஸ் என்பவர். 4,049 மீற்றர் உயரமான பீஸ் பேர்னினாச் சிகரத்தை 1850இல் முதன்முதலாக ஏறிய குழுவின் தலைவர் அவரே. பின்னர் சுவிற்சர்லாந்தின் முதலாவது தலைமை வனப் பரிசோதகராக அமர்ந்த அவர், அந்நாட்டுப் பனிச்சரிவுகள் பற்றிய தமது நூலை 1881இல் வெளியிட்டார். மலையேறுநராகவும் வன அலுவலராகவும் ஒருங்கே விளங்கிய ஒருவர் இத்துறைக்கு அடிகோலினார் என்பது கருதத்தக்கது. சாய்வின் உச்சியையும் அடிவாரத்து ஊரையும் ஒருசேர அறிந்தவர் அவர்.

பனிக்காலம் விளையாட்டாதல்

பனிச்சறுக்குப் பலகை வடஐரோப்பியரின் தொன்மையான பயணக் கருவி. அதனை விளையாட்டாக உயர்த்தியவர்களுள் நோர்வேயின் தெலெமார்க் பகுதியைச் சேர்ந்த சொன்றே நோர்ஹைம் முதன்மையானவர். மெல்லிய மரக்கொம்புகளை முறுக்கிக் குதிகாலைச் சுற்றிக் கட்டும் முறையை அவர் பயன்படுத்தியதனால், பாயும்போதும் திரும்பும்போதும் பலகை காலைவிட்டு நீங்காது நின்றது. 1868இல் நோர்வேயின் தலைநகரில் நடந்த போட்டியில் அவர் காட்டிய திறன் பலரைக் கவர்ந்தது. 1888இல் பிரித்யொவ் நான்சன் கிறீன்லாந்தின் பனிப்பரப்பைச் சறுக்குப் பலகைகளில் குறுக்காகக் கடந்தார். அப்பயணம் பற்றி அவர் எழுதி 1890இல் வெளிவந்த நூல், அல்ப்சு நாடுகளிற் சறுக்குப் பலகை மீதான ஆர்வத்தைக் கிளர்ந்தெழச் செய்தது.

ஆயின் நோர்வேயின் மேடுகள் வேறு, அல்ப்சின் செங்குத்துச் சாய்வுகள் வேறு. ஒஸ்திரியாவின் லிலியன்பெல்ட் என்னும் ஊரில் வாழ்ந்த மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி இவ்வேறுபாட்டை உணர்ந்து உலோகப் பிணைப்பு ஒன்றையும், செங்குத்தில் இறங்குதற்கேற்ற திருப்பு முறைகளையும் 1890களில் வகுத்தார். ஏறுவதற்குக் கடல்நாய்த் தோல் பயன்பட்டது. அத்தோலின் மயிர் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதனாற் பலகையின் அடியிற் கட்டும்போது முன்னோக்கி வழுக்கும், பின்னோக்கி வழுக்காது. இன்று ஆட்டுமயிரும் செயற்கை இழையும் கடல்நாய்த் தோலின் இடத்தைப் பிடித்துள்ளன. தத்துவம் மாறவில்லை.

1894 மார்ச்சு மாதத்தில் ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் கொனன் டொயில் டாவோசிலிருந்து அரோசாவுக்கு மலை கடந்து சறுக்கிச் சென்றார். அவருக்கு வழிகாட்டியவர்கள் அவ்வூர்ச் சகோதரர் இருவர். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஆங்கில வாசகரிடையே ஆர்வத்தை ஊட்டியது. 1897இல் வில்ஹெல்ம் பவுல்க்க என்னும் ஜேர்மானியரும் அவர்தம் தோழரும் பேர்ண் மாநிலத்து உயர்மலைகளைச் சறுக்குப் பலகைகளிற் கடந்தனர். பனிக்காலத்தில் மலை மூடிக்கிடக்கும் என்ற பழைய எண்ணம் உடைந்தது.

இக்காலத்தில் ஆங்கிலேயரைப் பனிக்கால அல்ப்சுக்கு அழைத்துச் சென்றோருள் ஹென்றி லன் ஒருவர். சென்னையிற் கிறித்தவப் பணியாற்றியவர் அவர். அவர்தம் மகன் ஆர்னல்ட் லன் 1888இல் சென்னையிலேயே பிறந்தார். வெண்பனி என்பதையே அறியாத தமிழ் மண்ணிற் பிறந்த இவர், வளைந்து வளைந்து இறங்கும் ‘சிலாலம்’ போட்டியை இன்றைய வடிவில் 1922இல் மூரென் என்னும் ஊரில் ஒழுங்குசெய்து, அல்ப்சு சறுக்கு விளையாட்டின் தந்தையருள் ஒருவராக மதிக்கப்படலானார். அவர் போட்டி அமைப்பாளர் மட்டுமல்லர். பருவந்தோறும் வெண்பனி எவ்வாறு மாறும், எச்சாய்வு எப்போது ஆபத்தானது என்பனவற்றை மலைப்பயணிகளுக்கு எடுத்துரைத்தவரும் ஆவார்.

போரும் ஆய்வுகூடமும்

முதலாம் உலகப் போரில் ஒஸ்திரியப் படைகளும் இத்தாலியப் படைகளும் உயர்மலைகளில் எதிரெதிரே நின்றன. பனிச்சரிவு இருசாராரையும் வேறுபாடின்றிக் கொன்றது. 1916 திசெம்பர் 13ஆந் திகதி மார்மொலாடா மலையில் ஒரே பனிச்சரிவு ஒஸ்திரியப் படைமுகாமொன்றை மூடி 250க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அவ்வாண்டு பெப்புருவரியிற் படைக்கு ஆலோசகராக இருந்த ஸ்டார்ஸ்கியும் பனிச்சரிவில் அகப்பட்டு, உடலெங்கும் எலும்புகள் முறிந்து, உயிர்மட்டும் தப்பினார். சறுக்கு விளையாட்டுக்கு நெறி வகுத்த ஆசானுக்கே நேர்ந்த இக்கதி, சறுக்கும் திறனும் பனியை அறியும் திறனும் ஒன்றல்ல என்பதை உணர்த்தியது.

அவ்வறிவைத் தேடும் முயற்சி டாவோசில் உருப்பெற்றது. 1930களின் தொடக்கத்திற் சறுக்குவோருக்கென அமைந்த மலைப் புகையிரதம் டாவோசிலிருந்து வைஸ்புளூயொக் என்னும் உயர்ந்த மலைவிளிம்பை எட்டியது. 1936இல் அவ்விளிம்பிலேயே வெண்பனியாற் சூழப்பட்ட சிறிய ஆய்வுகூடமொன்று நிறுவப்பட்டது. விளையாட்டுக்கு இட்ட பாதை அறிவியலுக்கும் பாதையாயிற்று. மண்ணின் பொறியியலிற் புலமை பெற்ற ரொபேட் ஹெபெலி, பளிங்கியல் கற்ற ஹென்றி பாடர் முதலியோர் அங்கு ஆய்வு நடத்தி, வெண்பனியின் உருமாற்றம் பற்றிய கூட்டு நூலை 1939இல் வெளியிட்டனர். 1942இல் இம்முயற்சி நிலையான நிறுவகமாக வளர்ந்தது.

அவர்கள் நிலைநாட்டிய அடிப்படை உண்மையை இவ்வாறு சுருக்கலாம். சாய்வில் கிடக்கும் வெண்பனி ஒரே பொருளன்று; ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த பல படைகளின் அடுக்கு அது. ஒவ்வொரு பொழிவும் ஒவ்வொரு காற்றும் தத்தம் படையை விட்டுச் செல்கின்றன. படிந்த பின்னரும் அப்படைகள் மாறிக்கொண்டேயிருக்கும். நிலத்தின் வெப்பத்துக்கும் மேற்பரப்பின் குளிருக்கும் இடைப்பட்ட வேறுபாடு மிகுமாயின், உள்ளே பனி நீராவியாகிப் பெயர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டாத சீனி போன்ற பளிங்குமணிகளாக மாறுகின்றது. அத்தகைய வலுவிலாப் படையின்மீது, காற்றால் இறுகிய பனிப்பாளம் ஒன்று அமர்ந்திருக்குமாயின், மேலே செல்லும் ஒருவரின் எடையே அதனை உடைக்கப் போதுமானது. உடைவு கண்ணிமைப்பொழுதிற் பக்கமெங்கும் ஓட, பாளம் முழுவதும் ஒருங்கே பெயர்கின்றது. 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வுகளிலேயே இது பெரிதும் நிகழும். அச்சாய்வுகளே சறுக்குவோரின் உள்ளத்தை மிகக் கவர்வன என்பதுதான் இதிலுள்ள அவலம்.

1945 திசெம்பரில் டாவோஸ் நிறுவகம் பொதுமக்களுக்கான பனிச்சரிவு அறிக்கையை வெளியிடத் தொடங்கியது. இவ்வறிவு விரைவிற் கடல் கடந்தது. அமெரிக்காவின் யூற்றா மாநிலத்து அல்ற்றா என்னும் இடத்தில் மொன்ற்கோமரி அற்வோற்றர், சறுக்குவோர் வருமுன்னரே பீரங்கியாற் சுட்டுப் பனிச்சரிவை வீழ்த்தும் முறையைக் கையாண்டார். டாவோசிற் பயின்று அல்ற்றாவுக்குச் சென்ற எட்வேட் லாஷப்பெல், மலைப்பயணிகளுக்குரிய பாதுகாப்பு அரிச்சுவடியாகச் சிறு நூலொன்றை 1961இல் எழுதினார்.

இரு கொடிய பனிக்காலங்கள்

1951ஆம் ஆண்டின் பனிக்காலத்திற் சுவிற்சர்லாந்தில் மட்டும் 98 பேர் பனிச்சரிவுகளால் மாண்டனர். காடும் ஆப்புச் சுவரும் போதா என்பது தெளிவாயிற்று. சாய்வுகளின் மேற்பகுதிகளில் இரும்பு வேலிகள் வரிசை வரிசையாக நாட்டப்பட்டன. ஊர்களுக்கு ஆபத்து வலய வரைபடங்கள் வரையப்பட்டன. சிவப்பு வலயத்திற் புதிய வீடு கட்டலாகாது. நீல வலயத்தில் வலுவூட்டிய கட்டடங்களுக்கே இடமுண்டு.

1999 பெப்புருவரியில் மீண்டும் பெரும்பனி பொழிந்தது. அம்மாதம் 23ஆந் திகதி ஒஸ்திரியாவின் கால்ற்றூரில் 31 பேர் இறந்தனர். மறுநாள் அயலூரான வால்சூரில் 7 பேர் இறந்தனர். சுவிற்சர்லாந்தின் எவொலேனில் 12 பேர் மாண்டனர். ஆயினும் 1951உடன் ஒப்பிடுமிடத்து, மலைகளிற் குடியிருப்போரும் உல்லாசப் பயணிகளும் பன்மடங்கு பெருகியிருந்தும், சுவிற்சர்லாந்தின் மொத்த இழப்பு 17 உயிர்களாகவே இருந்தது. அரை நூற்றாண்டு முயற்சியின் பயன் இதுவே.

எனினும் இவ்வெற்றி ஒரு பாதியே. ஊரில் இறப்போர் குறைய, மலையில் இறப்போர் தொகை அவ்வாறு குறையவில்லை. அண்மைப் பதின்மங்களிற் சுவிற்சர்லாந்தில் ஆண்டுக்குச் சராசரியாக இருபதுக்குச் சற்று மேற்பட்டோர் பனிச்சரிவுகளால் இறக்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் காப்பில்லாத திறந்த மலையில் விளையாட்டுக்கெனச் சென்றவர்கள். அவர்களை மூடிய பனிச்சரிவை எழுப்பியோரும் பெரும்பாலும் அவர்களே, அல்லது அவர்தம் தோழரே.

பதினைந்து நிமிடங்கள்

இனிக் கருவிகளை நோக்குவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைப்பயணிகள் நீண்ட சிவப்புக் கயிறொன்றை இடுப்பிற் கட்டிப் பின்னால் இழுத்துச் சென்றனர். ஆள் புதைந்தாலும் கயிற்றின் ஒரு பகுதியேனும் மேலே கிடக்கும் என்பது நம்பிக்கை. அந்நம்பிக்கை பலகாற் பொய்த்தது. 1968இல் அமெரிக்காவின் பவலோ நகரில் ஜோன் லோற்றன் என்னும் பொறியியலாளர் வானொலி அலைகளை அனுப்பவும் வாங்கவும் வல்ல சிறு கருவியொன்றை ஆக்கினார். 1971 முதல் அது ‘ஸ்காடி’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. வடஐரோப்பியப் புராணத்திற் பனிமலைகளிற் சறுக்கித் திரியும் பெண்தெய்வத்தின் பெயர் அது. குழுவினர் யாவரும் அலை அனுப்பும் நிலையிற் கருவியை அணிந்து செல்வர். ஒருவர் புதைந்தால் மற்றையோர் வாங்கும் நிலைக்கு மாற்றித் தேடுவர்.

தொடக்கத்தில் ஒரு குறை இருந்தது. அமெரிக்கக் கருவி ஓர் அலைவெண்ணிலும் ஐரோப்பியக் கருவிகள் வேறோர் அலைவெண்ணிலும் இயங்கின. அருகருகே நின்றும் ஒன்றையொன்று கேளாத நிலை அது. ஈற்றில் 457 கிலோஹேட்சு என்னும் அலைவெண் சர்வதேச நியமமாயிற்று. 1997இல் இலக்கமுறைக் கருவி தோன்றி, காதால் ஒலியின் ஏற்றத்தாழ்வைக் கேட்டுத் தேடும் நிலையை மாற்றித் திசையையும் தூரத்தையும் கண்ணுக்குக் காட்டியது.

இவ்விரைவின் இன்றியமையாமையை 1994இல் ஒரு மருத்துவ ஆய்வு எண்ணளவில் நிறுவியது. சுவிற்சர்லாந்திற் புதையுண்ட 422 பேரின் தரவுகளை மார்க்குஸ் பால்க், ஹேர்மன் புறுகர் முதலியோர் ஆராய்ந்தனர். 15 நிமிடங்களுக்குள் மீட்கப்பட்டோருள் நூற்றுக்கு 92 பேர் உயிர் தப்பினர். 35 நிமிடங்களில் அத்தொகை நூற்றுக்கு 30 ஆக வீழ்ந்தது. பலரைக் கொல்வது குளிரன்று, மூச்சடைப்பே என்பது இதனாற் பெறப்படும். 2024இல் வெளியான விரிந்த ஆய்வு அக்கால எல்லையை மேலும் சுருக்கி, ஏறத்தாழ 10 நிமிடங்கள் என்கின்றது. ஊரிலிருந்து மீட்புக் குழுவோ உலங்கு வானூர்தியோ வந்து சேர்வதற்குள் இவ்வெல்லை பெரும்பாலும் கடந்துவிடும். ஆதலின் உண்மையான மீட்பர், அருகில் நிற்கும் தோழரே.

இதனாலேயே அலைக்கருவி, துழாவுகோல், சவள் என்னும் மூன்றையும் பிரிக்கவொண்ணாத் தொகுதியாக மலைப்பயிற்சியாளர் வலியுறுத்துகின்றனர். அலைக்கருவி அண்மையைக் காட்டும். மடித்து வைக்கத்தக்க நீண்ட துழாவுகோல் இடத்தையும் ஆழத்தையும் உறுதிசெய்யும். சவளே ஆளை வெளிக்கொணரும். பெயர்ந்து நின்ற பனி இறுகிவிடும் இயல்பினது. ஒரு மீற்றர் ஆழத்தில் உள்ளவரை மீட்க ஒரு தொன்னுக்கும் மேற்பட்ட பனியை அகற்றவேண்டி நேரிடும். கையாலும் பலகையாலும் இது இயலாது. நேர்மேலே குழிதோண்டாது, சற்றுக் கீழே சாய்வில் நின்று பக்கவாட்டாகத் தோண்டிச் செல்லுதல் வேண்டும் என்பதும் பயிலவேண்டிய திறனே.

இங்கு நாம் ஊன்றிக் கருதவேண்டிய ஒன்றுண்டு. ஒருவர் சுமக்கும் சவளும் துழாவுகோலும் அவரைக் காக்கமாட்டா. அவர்தம் தோழரையே காக்கும். அவரைக் காப்பவை தோழரின் முதுகிலுள்ளன. அலைக்கருவியும் மற்றொருவர் தேடும்போதே பயன்தரும். இவ்வகையில் இக்கருவிகள் ஒவ்வொன்றும் மற்றவர்பாற் கொண்ட கடப்பாட்டின் வடிவமாகும்.

இதற்கு மாறானது காற்றுப்பை. பாய்ந்தோடும் பனித்துண்டங்களிடையே பருமனான பொருள் மேலெழும் என்னும் தத்துவத்தின்மீது அமைந்த இது, ஜேர்மனியில் 1985இல் அறிமுகமாயிற்று. இழுவிசையை இழுத்ததும் முதுகுப்பையினின்றும் விரியும் காற்றுப்பை, அணிந்தவரை மேற்பரப்பருகே வைத்திருக்க முயல்கின்றது. இது பல உயிர்களைக் காத்துள்ளது. ஆயினும் பாறையில் மோதியோ மரங்களில் அடிபட்டோ இறப்பதை இது தடுக்காது.

கருவியும் துணிபும்

கருவிகள் பெருகப் பெருகப் புதியதொரு வினா எழுந்தது. கருவி தரும் துணிச்சல், முன்னர் செல்லாத சாய்வுகளுக்கும் மனிதனை இட்டுச் செல்லாதா? சுவிற்சர்லாந்து மலைவழிகாட்டியான வேர்ணர் முன்ரர் இதனை நேராக எதிர்கொண்டார். பனியைத் தோண்டி ஆராய்ந்து ஒரு சாய்வின் நிலையைத் துணிதல் வல்லுநருக்கும் அரிது. சில அடி தள்ளித் தோண்டினால் வேறொரு முடிவு கிடைக்கும். ஆகவே அவர் 1990களில் வேறொரு வழி வகுத்தார். பனியின் நிலை, நிலத்தின் அமைப்பு, மனிதர் ஆகிய மூன்றையும் வீட்டிலும், புறப்படும் பிரதேசத்திலும், குறித்த சாய்விலும் என மும்முறை சீர்தூக்குமாறு பணித்தார். ஆபத்தின் அளவு ஏறும்போது சாய்வின் பாகையைக் குறைத்துக்கொள்ளும் எளிய கணக்கையும் கற்பித்தார். ஐரோப்பிய நாடுகள் 1993இல் ஐந்து படிகளைக் கொண்ட பொதுவான ஆபத்து அளவுகோலை ஏற்றுக்கொண்டமை அக்கணக்குக்குத் துணைநின்றது. அவ்வளவுகோலில் நான்காம், ஐந்தாம் படிகள் யாவரையும் அஞ்சச் செய்கின்றன. நடுப்படியான மூன்றாம் படியோ பலர் துணிந்து செல்லும் படி. உயிரிழப்புகளிற் பெரும்பங்கு அதிலேயே நிகழ்கின்றது.

அமெரிக்கரான இயன் மக்கமன் 1972 முதல் 2003 வரை அந்நாட்டில் நிகழ்ந்த 715 விபத்துகளை ஆராய்ந்தபோது, பலியானோர் பலர் அறியாமையால் இறக்கவில்லை என்பது புலனாயிற்று. ஆபத்தின் அறிகுறிகள் வெளிப்படையாக இருந்தன. பயிற்சி பெற்றோரும் இருந்தனர். பழகிய இடம் என்ற எண்ணம், எடுத்த காரியத்தை முடிக்கும் வேட்கை, தலைவரின்மீது வைத்த நம்பிக்கை, பிறர் முந்திவிடுவரோ என்ற அவா ஆகியன அறிவை மறைத்தன. சாய்வின் வலுவிலாப் படையைத் தேடிய அறிவியல் இவ்வாறு மனித மனத்தின் வலுவிலாப் படையைச் சென்றடைந்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றை ஒருங்கு நோக்குமிடத்து, பனிச்சரிவுக் காப்பின் வரலாறு மூன்று படிகளைக் கடந்து வந்தமை புலப்படும். முதற்படியில் ஊர், காட்டை வெட்டாது விட்டுத் தன்னைக் காத்தது. இரண்டாம் படியில் அரசும் அறிவியலும் வேலியும் வரைபடமும் முன்னறிவிப்பும் தந்தன. மூன்றாம் படியில் தனிமனிதனின் முதுகிலே கருவிகள் ஏற்றப்பட்டன. பின்வந்த படி முன்னையதை அகற்றிவிடவில்லை. அண்டர்மாற்றின் காடு இன்றும் நிற்கின்றது. சுவிற்சர்லாந்தும் ஒஸ்திரியாவும் இணைந்து முன்வைத்த பனிச்சரிவு ஆபத்தைக் கையாளும் அறிவு 2018இல் யுனெஸ்கோவின் தொட்டுணராப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றமையும் இத்தொடர்ச்சிக்கு உலகம் அளித்த ஏற்பேயாகும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இன்பம் நாடிச் சென்றவரின் ஆபத்துக்குப் பொறுப்பேற்பவர் யார்? அவரே என்று கூறுதல் எளிது. ஆயின் புதையுண்டவர் தம்மைத் தாமே மீட்க இயலாது. 1397இல் அண்டர்மாற் மக்கள் தம் அடுப்புக்குரிய விறகை விட்டுக்கொடுத்தது அயலாரின் கூரையையும் காக்கவே. இன்றைய சறுக்குநர் சுமக்கும் சவளும் அயலாருக்கானதே. அந்தச் சவளைச் சுமப்பவர், அது தேவைப்படாத வழியைத் தெரிந்தெடுக்கவும் கற்றுக்கொள்வாராயின், ஆறு நூற்றாண்டுக் காப்பறிவு அவரிடம் முழுமையாக வந்து சேர்ந்ததெனக் கொள்ளலாம்.